பரணிலிருந்து விழுந்த கராம்பு

1928ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பதினான்காம் திகதி, புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி. கண்டி, கட்டுக்கலையில் விடியற்காலை பிடித்த மழை இன்னும் விடவில்லை. அந்த வீட்டின் எலிகள் யாவும் முந்திய வாரமே செத்துவிட்டன. ஆயினும் பரணில் ஏதோ நகர்ந்தது.

றலியா தொழுகைப் பாயில் அமர்ந்தவாறே செவிமடுத்தாள். ஓட்டின்மேல் மழை இரையும் ஓசை, கூரைப் பீலியிலிருந்து முற்றத்து வாளிக்குள் நீர் கொட்டும் ஓசை, அடுக்களையில் ஈரவிறகு சீறும் ஓசை. இவை அனைத்துக்கும் அடியில், தலைக்கு மேலிருந்த பலகையில் ஒரு பாரம் மெதுவாக இடம் மாறும் ஓசை. எலியாயின் ஓடும். இது ஓடவில்லை. ஒரு காலை ஊன்றிவிட்டு, மற்றதை எங்கே வைப்பது என்று யோசித்தது.

"மதினி, மேல என்னமோ நடக்குது."

கணவனின் அக்காள் ரபீகா கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "எலிதான்."

"எலியெல்லாம் செத்துப் போச்சிண்டு நீங்கதானே சொன்னீங்க?"

"புருஷன்ட மொகமே ஞாபகமில்லாதவளுக்கு எலிட கணக்கு மட்டும் ஞாபகமோ? குடி."

றலியா குடித்தாள். மதினி சொன்னது உண்மை. கணவன் மக்கீனின் முகம் அவளுக்கு நினைவில்லை. ஹுன்னஸ்கிரிய மலைப்பாதை வளைவில் மோட்டார் வண்டி பள்ளத்தில் உருண்டு எரிந்ததாம். உள்ளே கரிந்து கிடந்த உடலை, விரலிலிருந்த மோதிரத்தைக் கொண்டு தம்பியுடையது என்று ரபீகா அடையாளம் காட்டினாளாம். உடன் சென்ற றலியாவின் அண்ணன் சாஹுல் ஹமீதுதான் கொலைகாரன் என்று பொலீஸ் தேடுகிறதாம். றலியா மண்டை உடைந்து பாதையோரம் கிடந்தாளாம். கண் விழித்தபோது அவளுடைய பெயர்கூட அவளிடம் இருக்கவில்லை. சித்தி றலியா என்ற அந்தப் பெயரையும் ரபீகாவே சொல்லித் தந்தாள்.

அன்றிலிருந்து அவள் இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆடவர் கண்ணில் படாமல் ஒதுங்கியிருக்கும் கடமை அது. வந்த மைத்துனர்களும் அயலவரும் அறைவாசல் திரைக்கு அப்பாலேயே நின்று ஆறுதல் கூறித் திரும்பினர். திரையைத் தாண்டி உள்ளே வந்தவள் ரபீகா ஒருத்தியே.

தெருக்கதவு தட்டப்பட்டது. வந்தவர் நகரசபையின் சுகாதாரப் பரிசோதகர் சண்முகநாதன். உடன் கந்தகச் சட்டியும் பசை வாளியுமாகத் தொழிலாளி வீரய்யா. திரைக்கு அப்பால் அவர்களுடைய நனைந்த செருப்புகள் மட்டும் தெரிந்தன.

"எலி விழுந்த வீடெல்லாம் கந்தகப் புகை போடவேணும் அம்மா. கதவு யன்னல் எல்லாம் காகிதம் ஒட்டி மூடுவம். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஒருத்தரும் உள்ள இருக்கேலாது. இருந்தால் உயிர் தப்பேலாது."

"இத்தாவில ஈக்கிற பொண்ணு ஐயா," என்றாள் ரபீகா. "வெளியே எறங்க ஏலாது. முடிஞ்ச பொறகு வாங்க."

"கொள்ளைநோய்க்கும் அப்பிடிச் சொல்லிவிடுங்கோ, அது பொறுத்து வரும். வீடு அவவின்ர சீதனம் எண்டு பதிவில கிடக்கு. சம்மதமெண்டாலும் இல்லையெண்டாலும் அவதான் எழுதிக் கையெழுத்து வைக்கவேணும்."

ரபீகா தாளையும் பேனாவையும் உள்ளே கொண்டுவந்தாள். அவளுடைய மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது; மழைக்குளிரில் அது விந்தையே. "வேணாம்ண்டு எழுதிக் குடு," என்று முணுமுணுத்துவிட்டு வாசலுக்குத் திரும்பினாள்.

றலியா தாளை முழங்காலில் விரித்தாள். அதன்மேல் சிறியதாக ஒன்று விழுந்தது.

கராம்பு. ஒற்றைக் கராம்பு. ஈரமாயிருந்தது. தலைப்பகுதி பல்லால் நசுங்கியிருந்தது.

அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள். காரமும் இனிப்பும் எச்சிலும் கலந்த அந்த வாசனை மூக்கில் நிற்கவில்லை. நேரே மண்டையின் தழும்புக்குள் இறங்கியது.

வளைவு. மழை. நிறுத்திய வண்டி. 'இவ ஒன்ட கையால அடி வாங்கினது போதும். தங்கச்சிய நான் கூட்டிட்டுப் போறேன்.' அண்ணன் சாஹுல் ஹமீது காக்காவின் குரல். பின்னாலிருந்து உயர்ந்த இரும்புக் கம்பி. காக்காவின் தலை. மறுபடியும் கம்பி. தன் மோதிரத்தைக் கழற்றிக் காக்காவின் விரலில் செருகும் கணவனின் கை. பிறகு அவளுடைய காதருகே, கராம்பு மணக்கும் மூச்சு.

'நீ ஒண்டும் காணல்ல, றலியா.'

தலைக்கு மேலே, பரண் பலகையில் ஓர் இடுக்கு இருந்தது. அவள் தலையை உயர்த்தவில்லை. விழியை மட்டும் உயர்த்தினாள். இடுக்கு கறுப்பாக இருந்தது. பிறகு அந்தக் கறுப்பு இமைத்தது.

எத்தனை நாள்? அவள் தொழுதபோதும். உறங்கியபோதும். முடியை அவிழ்த்துத் தழும்புக்கு எண்ணெய் இட்டபோதும். நினைவு திரும்புகிறதா என்று பார்த்தபடி. திரும்பினால் இறங்கி வருவதற்காக.

கராம்பை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை. மறதி எப்படி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? இவர்கள் கற்பித்த முகம்தானே அது. இன்றைக்கு அதை அவர்களுக்கே காட்டினாள்.

"ஐயா," என்றாள். திரைக்கு அப்பால் அவளுடைய குரல் செல்வது இதுவே முதல் தடவை. "பொகை பரணுக்கும் போகுமா?"

"முதல்ல அங்கதான் போகும், தங்கச்சி."

"ஐயா, மேல ஒரு எலி கெடக்கு போல," என்றான் வீரய்யா. "நடையப் பாத்தா அரிசி தின்ன எலியாத் தெரியலீங்க. புரியாணி தின்ன எலி."

"உன்ர பகிடிய விட்டிட்டுப் பசையைக் கரை. பரண் மூடிக்குக் கீழ்த்தாழ் இருக்கோ?"

"இருக்குங்க. போட்டுட்டு ஒட்டிரலாம்."

மேலே எதுவும் அசையவில்லை. தூக்குக்கயிற்றுக்குப் பயந்தவன் தும்மவும் பயப்படுவான்.

"றலியா!" ரபீகா திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இத்தாவ முறிக்கப் போறியா?"

"உசிருக்கு ஆபத்துண்டா எடம் மாறலாம், மதினி. மார்க்கத்துல ஈக்கிது."

"உள்ள வேற ஆக்கள் இருக்கினமோ?" என்று பரிசோதகர் கேட்டார். "வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. மூடினால் பிறகு திறக்க மாட்டம்."

"நானும் மதினியும்தான். என்ட புருஷனத்தான் அடக்கிட்டாங்களே." றலியா மதினியின் கண்களை நேராக நோக்கினாள். "அடக்கிட்டீங்கதானே, மதினி? சொல்லுங்க. ஐயா கேக்குறாரு."

வாளி நிரம்பி வழிந்தது. ரபீகாவின் பார்வை பலகைக்கு ஓடியது. அங்கிருந்து தெருவுக்கு. மறுபடியும் பலகைக்கு. 'இல்லை' என்றால் தம்பிக்குத் தூக்கு, அவளுக்குச் சிறை.

"அடக்கிட்டோம்," என்றாள். குரல் வரவில்லை, உதடுகளே சொல்லின.

"கேக்கேல்ல, அம்மா."

"அடக்கிட்டோம்."

றலியா சம்மதம் என்று எழுதினாள். நினைவு தப்பிய நாளிலிருந்து பெருவிரல் ரேகை வைத்தவள் இன்று கையெழுத்திட்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. சித்தி றலியா. அதன் கீழே, எவரும் கேட்காத ஒன்றையும் சேர்த்தாள்: சாஹுல் ஹமீதின் தங்கை. மை காய ஊதினாள்.

ரபீகா கையை நீட்டினாள். நாலு மாதமாக இந்த அறையிலிருந்து எல்லாம் அந்தக் கை வழியாகவே வெளியே சென்றன. றலியா அந்தக் கையைக் கடந்து போனாள்.

மேலே, பரண் இடுக்கில் விரல்கள். நான்கு விரல்நுனிகள். பலகையைப் பற்றியிருந்தன. நகங்கள் வெளுத்திருந்தன. ஒரு விரலில், மோதிரம் இருந்த இடம் இன்னும் வெளிறிய வளையமாகத் தெரிந்தது.

சத்தமில்லை.

அவள் குனிந்து, திரைக்கு அடியால் தன் கையை நீட்டி, தாளைப் பரிசோதகரிடம் கொடுத்தாள்.