எண்பத்து மூன்று கற்கள்

வெர்லீன் ஹாக்கெட் மூன்றாவது முறை அச்செடுத்த தாளிலும் அதே ஒரு வரி மட்டும் ஈரமாக இருந்தது. மற்ற வரிகள் மொடமொடவென்று காய்ந்திருக்க, ‘பள்ளத்தாக்கில் துயின்ற எண்பத்து மூன்று பேரும் மரியாதையோடு மேட்டுக்கு மாற்றப்பட்டார்கள்’ என்ற இடத்தில் மட்டும் மை கசிந்து குட்டை வாடை அடித்தது. கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தாள். காய்ந்துதான் கிடந்தது.

ஏரிக்கரைப் பூங்காவின் வரலாற்றை எழுதப் பூங்கா அலுவலகத்தில் அவளை விட்டால் யார்? அணை கட்டி ஊரை மூழ்கடித்தபோது பிணங்களை இடம் மாற்ற ஒப்பந்தம் எடுத்தவரே அவள் அப்பா டெல்மர்தான். நாளை விருந்துக் கொட்டகைக்கு அவர் பெயரைச் சூட்டுகிறார்கள். இந்த வரி இல்லையென்றால் பெயரும் இல்லை. ஊருக்கே தெரிந்ததை ஊருக்கே மறைப்பதில் அந்தக் குடும்பத்துக்குத் தனித் திறமை.

அன்று கல்லறைப் பூ ஞாயிறு. ஒவ்வொரு மே மாதமும் சனங்கள் மேட்டுக் கல்லறைக் கற்களைக் கழுவிப் பூ வைப்பார்கள். பிறகு கொட்டகையில் நீள மேசை போட்டு, பொரித்த கோழியும் சோள ரொட்டியும் பரப்பி, செத்தவர்களோடு சேர்ந்து உண்பதாகப் பாவித்து உண்பார்கள். மத்தியானம் ஒடெஸ்ஸா கிரம்ப் மட்டும் தட்டைத் தொடவில்லை.

“ஏன்டி வெர்லீன், உங்கப்பன் கல்லை மட்டுந்தானே தூக்கிட்டு வந்தான்? எங்கம்மா இன்னும் தண்ணிக்குள்ளதானே கெடக்கா?”

“செத்துப்போனவரப் பத்தி இப்படியா பேசுவீங்க, ஒடெஸ்ஸாக்கா?”

“நானும் செத்தவங்களப் பத்தித்தான்டி பேசுறேன். அந்த வரிய அடிச்சிரு.”

“கோழி ஆறுது. சாப்பிடுங்க.”

இப்போது எல்லாரும் போய்விட்டார்கள். ஏரியிலிருந்து பனிமூட்டம் படியேறி வந்துகொண்டிருந்தது. வெர்லீன் பேனாவை எடுத்தாள், வரியைப் பார்த்தாள், மூடி வைத்தாள். ஈரத்தோடேயே தாளை உறையிலிட்டு ஒட்டினாள்.

கொட்டகைப் பக்கம் கரண்டிச் சத்தம்.

யாரோ கிளம்பாமல் இருக்கிறார்கள். விரட்டலாமென்று போனாள். புல் சதசதத்தது. பேச்சில்லை, சிரிப்பில்லை. தகரத்தில் கரண்டி உரசும் ஒலி மட்டும்.

மேசையின் இருபுறமும் குனிந்த முதுகுகள். தண்ணீர் சொட்டச் சொட்ட.

தலைமாட்டில் அப்பா. புதைத்த அன்று போட்ட அதே கோட்டு.

ஒரு பெண் அவர் தாடையைப் பிடித்து, பிள்ளைக்கு ஊட்டுவதுபோல் பொறுமையாக ஏரிச் சேற்றை ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் வயிறு எப்போதோ கிழிந்திருந்தது. அவள் நிறுத்தவில்லை.

அப்பாவின் கண்கள் மட்டும் வெர்லீன் பக்கம் திரும்பின.

பெஞ்சில் இருந்தவர்கள், ஒருவரும் தலை தூக்காமல், கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள்.