ஒரே சாவியில் வந்தவர்கள்

மத்தியானம் மூன்று மணிக்கு ஜெனரேட்டர்காரன் மின்சாரத்தை நிறுத்தினான். ஃப்ரிட்ஜின் முனகல் அடங்கி, லெபனானின் திரிப்போலித் துறைமுகத்து உப்புக்காற்று திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த அந்த நேரத்தில், பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த பழைய கணினியின் ஸ்பீக்கர் பேசியது.

"பாபா, கதவைத் திற. நான் வந்துட்டேன்."

லமீஸின் குரல், கடைசியில் அவள் சிரிப்பு. சைப்ரஸுக்கென்று கிளம்பிய படகோடு அவள் கடலில் மூழ்கிப்போய் நாற்பத்தோரு நாள் ஆகிறது.

ஹிக்மத் ஊருக்கெல்லாம் இணைய இணைப்பு போட்டுத் தருகிறவன். மகள் லமீஸ் கல்லூரியில் சேர்ந்தபோது அவள் போனிலிருந்து வீட்டுக் கணினிக்கு விபிஎன் என்கிற தனிவழி ஒன்றை, அவள் பெயரில் ஒரு மின்சாவியோடு, அமைத்துக் கொடுத்தான். அந்த வழியில் யாராவது நுழைந்தால் மென்பொருள் தானாகவே ஒரு கட்டளை ஸ்கிரிப்டை ஓட்டும்; துண்டித்துக்கொண்டு போனால் இன்னொன்றை. அவற்றில் என்ன எழுதுவது என்பது அவரவர் பாடு. நுழைந்தால் அவள் பதிந்து கொடுத்த குரல் ஒலிக்கட்டும், வாசல் பூட்டு திறக்கட்டும், போனால் பூட்டிக்கொள்ளட்டும் என்று எழுதினான். அந்தக் கழுதை வாரத்துக்கு ஒரு வீட்டுச் சாவியைத் தொலைப்பாள். படியேறும்போதே போனைத் தட்டிவிட்டு வருவாள்.

அவன் மனைவி நஜாத் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். கையெல்லாம் நறுக்கிய கீரை.

"கேட்டியா ஹிக்மத்? நான்தான் சொன்னேனே!"

"பழுதும்மா. கரண்ட் மாறும்போது லைன் அறுந்து ஒட்டும்."

"உன் தலை. புள்ள கூப்பிடுறா, இவன் லைனு ஒயருங்கறான்."

உடல் கிடைக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் கசப்புக் காபி ஊற்றக்கூட நஜாத் விடவில்லை. என் பொண்ணு வருவா என்று எல்லோரையும் விரட்டிவிட்டாள். அவனுக்கு மட்டும் ஆசை இல்லையா? நெஞ்சு வெடித்துவிடும்போல ஆசை.

யார் நுழைந்தது என்று காட்டும் கணினிப் பதிவைத் திறந்து பார்த்தான். லமீஸின் சாவி. எங்கிருந்து என்ற இடம் காலி.

"பாபா, கதவைத் திற. நான் வந்துட்டேன்."

இன்னொரு வரி. அதே சாவி.

வழக்கமாக ஒரு சாவியில் ஒருவர்தான் நுழைய முடியும்; அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியவனே அவன்தான். படகு ஏறும் அன்று கடற்கரையிலிருந்து அழைத்திருந்தாள்.

"பாபா, என் சாவியை இங்க எல்லார் போன்லயும் போட்டுடவா? ஒரு போன் செத்தாலும் இன்னொண்ணுல வீட்டுக்குத் தெரியும்ல?"

"போடு கண்ணு, இதுல என்ன."

ஒரு ஜெனரேட்டர் கம்பியில் நாலு வீடு இழுத்துக்கொள்கிற ஊர் இது. யாரும் இரண்டு தரம் யோசிக்க மாட்டார்கள். படகில் லமீஸோடு சேர்த்துப் பதினெட்டுப் பேர்.

மூன்றாவது. நான்காவது. அதே குரல், அதே கடைசிச் சிரிப்பு. ஒவ்வொரு முறையும் பூட்டு கிளிக்கென்றது. மாடிப்படியில் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஏறும் கால்கள், டீசலும் கடற்பாசியும் கலந்த நாற்றம், கதவடியில் நுழைந்து தரைவிரிப்பின் ஓரத்தைக் கருப்பாக்கும் தண்ணீர்.

"நஜாத், அங்க போகாத!"

"என் வீட்டுக் கதவு. நான் போவேன்."

இணைப்பை வெட்டிவிடலாம். வெட்டினால் கதவு பூட்டிக்கொள்ளும். விரல் விசைமேல் இருந்தது.

ஒன்பது. பத்து.

இதில் ஒருத்தி லமீஸாக இருந்தால்?

விரலை எடுத்துவிட்டான்.

பதினாறு. பதினேழு.

காத்திருந்தான். திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வா கண்ணு, வந்துடு கண்ணு என்று கெஞ்சினான். பதினெட்டாவது வரி வரவில்லை.

திரும்பிப் பார்த்தான்.

நடைவழியில் அவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஊதிய முகங்கள். மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் சொட்டும் நீர். அவசரமே இல்லை. நஜாத் துவாலையோடு முதல் முகத்தைத் துடைத்தாள், ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள், உற்றுப் பார்த்தாள்.

"நீ இல்ல கண்ணு. தள்ளி நில்லு."

அடுத்தது. அதற்கடுத்தது.

பதினேழாவது முகத்தையும் துடைத்து முடித்தாள். துவாலையைப் பிழிந்தாள். சரியாகத் துடைக்கவில்லையோ என்னவோ என்று, முதல் முகத்துக்கே திரும்பிப் போய் மறுபடி ஆரம்பித்தாள்.