கிளறாவின் முதல் தட்டு

யூலியானாவுக்குத் தாளம் என்றால் தண்ணீர் பட்ட பாடு. நடந்தாலும் தாளம், பல் விளக்கினாலும் தாளம். அவளுக்கே அன்று பாட்டு ஒத்திகையில் தலை சுற்றியது.

பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில் அவளுடைய இத்தாலியப் பள்ளிக்கூடம். சனிக்கிழமை விழாவில் அவளுடைய வகுப்பு, அமெரிக்க ஃபங்க் இசைக்குழு ஒன்றின் பழைய வெற்றிப் பாடலைப் பாடப்போகிறது. கேட்டால் கால் சும்மா இருக்காது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி, இரண்டிலும் நான்கிலும் கைதட்ட வேண்டும்.

எல்லோரும் அப்படியே தட்டினார்கள். யூலியானாவின் தோழி கிளறா மட்டும் ஒன்றில் தட்டினாள்.

"மறுபடியும் கிளறாவா?" என்று சால்வோ முகத்தைச் சுளித்தான்.

"கிளறா, நீ பாட்டுக்குப் பதிலாக மேடைத் திரை இழுக்கிறாயா?" என்று ஆசிரியை மெல்லக் கேட்டார்.

வெளியே வந்ததும் கிளறா அழுதேவிட்டாள். "நான் மேடையிலை நிக்கிறதைப் பாக்க அம்மா வேலைவீட்டு முதலாளி சிஞ்ஞோராவிட்டை லீவு கேட்டிட்டா. இனி என்னத்தைப் பாக்கிறது?"

"ஏனடி எப்பவும் ஒண்டிலை தட்டுறாய்?" என்று யூலியானா கேட்டாள்.

"கோயில்லை அப்பிடித்தானே தட்டுறனாங்கள். கை தன்ரபாட்டிலை போகுது."

அது உண்மைதான். தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் எல்லாக் கைகளும் ஒன்றில்தான் விழும். யூலியானாவுக்குத் தோழியைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

வீட்டுக்குப் போய் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். இம்முறை கைதட்டலை விட்டுவிட்டு, அடியில் கேட்ட பெரிய டிரம்மைக் கவனித்தாள். அது எங்கே ஓங்கி விழுகிறது? ஒன்றில். கிற்றாரும் ட்ரம்பெட்டும்கூட அங்கேதான் வந்து சேர்ந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் நேரே ஆசிரியையிடம் போனாள். "எங்கள் பாட்டு உப்பில்லாத கறி மாதிரி இருக்கிறது. ஒன்றில் ஓங்கி அடிக்க ஆள் இல்லை. பெரிய டிரம்மைக் கிளறாவிடம் கொடுங்கள்."

சால்வோ சிரித்தான்.

"முதலில் கேள். பிறகு சிரி" என்றாள் யூலியானா.

கிளறா பயந்து பயந்து குச்சியை எடுத்து அடிக்க, மற்றவர்கள் இரண்டிலும் நான்கிலும் கைதட்டினார்கள். டும், தட், டும்டும், தட். மூன்றாவது சுற்றில் சால்வோவின் இடுப்பு தானாக ஆடியது. "இவளை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தோம்?" என்றார் ஆசிரியை.

சனிக்கிழமை மண்டபம் முழுவதும் எழுந்து ஆடியது. முன்வரிசையில் கிளறாவின் அம்மாவும் எழுந்து கைதட்டினார். ஊரெல்லாம் இரண்டிலும் நான்கிலும் தட்ட, அவர் மட்டும் ஒன்றில் தட்டினார், மகளின் டிரம்மோடு இம்மியும் பிசகாமல்.