சால்வையின் சிவப்பு

"என் மனைவிய யாரோ மாத்திட்டாங்க, சார்" என்றார் பல் டாக்டர்.

மச்சான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அத்தான் அசையவில்லை. தீப்பிடித்த கடைகளையும் நனைந்த கிடங்குகளையும் பார்த்து, உள்ளதைக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்வதே அவருக்குப் பிழைப்பாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் ஊரார் தங்கள் சந்தேகங்களை அவர் வாசலுக்கே கொண்டுவந்தார்கள். கூடவே ஒட்டிக்கொண்டவர் அவர் மனைவியின் தம்பி. இவருக்கு அவர் அத்தான், அவருக்கு இவர் மச்சான்; கதைக்கு அதுவே போதும்.

"படத்தச் சொல்றேன்" என்று டாக்டர் தொடர்ந்தார். "அவ தன்னையே வாட்டர் கலர்ல வரைஞ்சது. நான் வாங்கிக்கொடுத்த சிவப்புச் சால்வையப் போர்த்திக்கிட்டு உக்காந்திருப்பா. அவ போன பிறகு எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். இப்ப ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்தாங்க. கட்டுப் பிரிச்சு வீட்டுக்கு வந்து பாக்கறேன், சால்வ வெளிறிப்போன பழுப்பா இருக்கு. அது நகல், சார். நான் ஆஸ்பத்திரியில இருந்தப்ப மருமக படத்த இறக்கி வெளிய எடுத்துட்டுப் போனாளாம், வேலைக்கார அம்மா பார்த்திருக்கு. கேட்டா வாயே திறக்கல. வீட்ட விட்டுப் போகச் சொல்லிட்டேன்."

"மகன்?"

"அவளோடயே கிளம்பறான்" என்றார் டாக்டர். மச்சானுக்கு அப்போதே அந்த மருமகள் மேல் கோபம் வந்துவிட்டது.

டாக்டர் வீட்டுக் கூடத்தில் பாதி கட்டிய பெட்டிகள் கிடந்தன. மேற்கு பார்த்த பெரிய ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் படம் தொங்கியது. ஜன்னல் ஓரத்தில் டாக்டரின் நீல நாற்காலி. அதன் ஜன்னல் பக்கத்துக் கை வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. மறு கை புதுசுபோல் நீலமாகவே இருந்தது. அத்தான் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, படுக்கையறைக்குப் போகும் ஜன்னலில்லாத நடைக்குள் நுழைந்தார். அங்கே சுவரில் ஒரு பழைய ஆணி இருந்தது. அதற்கு மேலே ஒரு மெல்லிய கம்பியும், அதில் சில திரை வளையங்களும் இருந்தன.

மச்சான் படத்தைத் திருப்பிப் பார்த்தார். "அத்தான், பின்னாடி ஒட்டின காகிதம் புதுசு. சட்டத்தப் பிரிச்சு, நிஜத்த உருவிட்டு, நகல உள்ள வச்சிருக்காங்க. கேஸ் முடிஞ்சது."

"மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாத மச்சான். பிரிச்சாங்கங்கற வரைக்கும் சரி." அத்தான் டாக்டரிடம் திரும்பினார். "மத்தியானத்துல இந்த ஜன்னல யாராவது சாத்துவாங்களா?"

"அது தினமும் நடக்கற ரோதனை. நான் கண்ணசந்தா போதும், மருமக வந்து சாத்திடுவா. திறந்து வைன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம்."

துணி மடித்துக்கொண்டிருந்த மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். டாக்டர் தண்ணீர் குடிக்க உள்ளே போனதும் அருகில் வந்தாள்.

"வேணாம் சார். நாங்க போயிடறோம். நீங்க எதையும் கிளற வேணாம்."

"ஏற்கெனவே ஒருத்தர இழந்தவர்மா. இப்ப இன்னும் ரெண்டு பேர இழக்கப் போறார். அது தெரிஞ்சும் பேசாம இருக்க என்னால முடியல" என்றார் அத்தான்.

மகன் உட்பட எல்லோரையும் மேசையைச் சுற்றி உட்காரச் சொன்னார். வெள்ளைத் துணி விரித்தார். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே படத்தைத் தொட்டார். சட்டம் கழன்றது. படத்தைச் சுற்றி விளிம்பாக வைத்திருந்த வெள்ளை அட்டையை மெல்லத் தூக்கினார்.

மச்சான் எட்டிப் பார்த்தார். அட்டை மூடியிருந்த கீழ் ஓரத்தில், சால்வை முடியும் இடத்தில், ஒரு விரற்கடை அகலத்துக்குச் சிவப்பு அப்படியே இருந்தது. அதற்கு மேலே கோடு போட்டதுபோல் பழுப்பு தொடங்கியது.

"நகல் எடுக்கறவன் கண்ணுக்குத் தெரியறத வரைவான். அட்டைக்கு அடியில மட்டும் பழைய நிறத்துல வரைய அவனுக்கு என்ன தலையெழுத்து? இது உங்க மனைவி வரைஞ்ச படமேதான், டாக்டர். சில சிவப்பு வெயில் தாங்காது. பட்ட இடம் போயிடுச்சு, மறைஞ்ச இடம் தப்பிச்சது. உங்க நாற்காலியும் அதே கதைதான் சொல்லுது."

"நான் தினமும் பார்த்த படம். எனக்குத் தெரியாமலா வெளுத்தது?"

"படம் கொஞ்சம் கொஞ்சமா வெளுத்துது. உங்க கண்ணும் கொஞ்சம் கொஞ்சமா மங்கிச்சு. பழைய சிவப்ப மனசுதான் பார்த்துக்கிட்டிருந்தது." அத்தான் நடைப் பக்கம் கையைக் காட்டினார். "நடையில ஒரு ஆணி இருக்கு. திரை வளையமும் இருக்கு. அங்க என்ன மாட்டியிருந்தது?"

டாக்டர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இந்தப் படம்தான். அவதான் திரை போட்டு மூடி வச்சிருந்தா. யாராவது பாக்கணும்னு கேட்டா மட்டும் விலக்குவா. கூச்சம்னு நினைச்சேன். அவ போன பிறகு, இருட்டுல கிடக்க வேணாமேன்னு நான்தான் இங்க கொண்டுவந்து மாட்டினேன். வெளிச்சத்துல இருக்கட்டும்னு ஜன்னல் திரையயும் கழட்டிப் போட்டேன்."

மகன் தலையைக் குனிந்துகொண்டான். மருமகள்தான் பேசினாள்.

"நிறம் திரும்புமான்னு கேக்கத்தான், மாமா, படத்துக்குச் சட்டம் போடற கடைக்கு எடுத்துட்டுப் போனேன். அவங்க பிரிச்சுப் பார்த்துட்டு, போனது போனதுதான்னுட்டாங்க."

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அத்தை படத்த நீங்களே... என்னைத் திருடின்னு நினைச்சாலும் பரவாயில்ல, இது உங்களுக்குத் தெரிய வேணாம்னு இருந்தேன்."

அவளைத் திருடி என்று முடிவு கட்டியவர்களில் மச்சானும் ஒருவர். அவமானத்தில் அவருக்குக் காது சுட்டது.

"கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்பாங்க" என்றார் டாக்டர். "எனக்குக் கண்ணு வந்த பிறகுதான் சூரியன் பண்ணினது தெரியுது. தப்புப் பண்ணிட்டேம்மா. அவளுக்கும் பண்ணிட்டேன், உனக்கும் பண்ணிட்டேன்."

மீந்திருந்த சிவப்பைத் தொட விரலைக் கொண்டுபோனவர், பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டார். சாயங்கால வெயில் ஜன்னல் வழியே மேசை விளிம்புவரை வந்திருந்தது.

"ஜன்னலச் சாத்தும்மா" என்றார். "சாத்திட்டு, அந்தப் பெட்டிகளையும் பிரிச்சு வை."