பதினாறு டிகிரியில் ஒரு தைலச்செடி

ஷார்ஜாவின் ரோலா பகுதியில் ஜூலை மாத வெயில் எப்படி இருக்கும் தெரியுமா? மொட்டைமாடியில் வெறுங்காலை வைத்தால் ஆடத் தெரியாதவரும் ஆடிவிடுவார்! அப்படிப்பட்ட நாளில், ஷ்ருதியின் அப்பா அனந்தகிருஷ்ணன் வீட்டுக்குள் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏசியைக் கொஞ்சம் கம்மி பண்ணும்மா. பல்லெல்லாம் தந்தியடிக்குது."

"முடியாதுப்பா. பதினாறுலதான் இருக்கணும். அது குளிர் ஊர்ச் செடி!"

'அது' ஒரு சாண் உயரத் தைலச்செடி, யூகலிப்டஸ் மரத்தின் கன்று. அந்தக் கட்டடத்தின் வாட்ச்மேன் கார்மேகம் ஊட்டிக்காரர். "நம்ம ஊர் மரம் அங்க வளருமாப்பா?" என்று கேட்டு, அவருடைய மகள் அருணா கடிதத்தோடு விதைகளை அனுப்பியிருந்தாள். முளைத்தது ஒன்றே ஒன்று. லீவில் ஊருக்குப் போகும்போது அதை ஷ்ருதியிடம் கொடுத்தார்.

"பத்திரமா பாத்துக்க பாப்பா. போனதும் எம்பொண்ணு முதல்ல இதைத்தான் கேப்பா."

ஷ்ருதியும் கண்ணுக்குள் வைத்துத்தான் பார்த்துக்கொண்டாள். ஆனால் இலைகள் வெளுத்தன. ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் நான்குதான் மிஞ்சின. கார்மேகம் திரும்பி வர இன்னும் மூன்றே வாரம். ஷ்ருதிக்கு அழுகை முட்டியது.

"இதைவிடக் குளிரா எப்படிப்பா வைக்கிறது?"

"ஃபிரிட்ஜுக்குள்ளதான் வைக்கணும். கூடவே என்னையும் வச்சிடு" என்றார் அப்பா.

அப்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். செடி நேராக நிற்கவில்லை. ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. வெயிலை மறைக்க ஜன்னல் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டியிருந்தார்கள். அதில் ஒரு சின்னக் கிழிசல். அது வழியாக ஒரு காசளவு வெளிச்சம் உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

தொட்டியை அப்படியே திருப்பி வைத்தாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், அடேயப்பா! செடி மறுபடியும் கிழிசல் பக்கமே வளைந்திருந்தது. கண் கிடையாது, கால் கிடையாது. ஆனாலும் வெளிச்சம் இருக்கும் இடம் அதற்குத் தெரிந்திருக்கிறது! ஷ்ருதிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"அப்பா! ஊட்டில குளிரும் இருக்கு, வெயிலும் இருக்குல்ல? நான் குளிரை மட்டும்தான் குடுத்திருக்கேன்!"

சர்ரென்று தாளைக் கிழித்தாள்.

"ஐயையோ! ரூம் அடுப்பாயிடும்மா!"

"காலைல பத்து மணி வரைக்கும் திறந்து வைப்போம். அப்புறம் திரைச்சீலை. ஏசியும் இருபத்து நாலு போதும்."

அப்பா அந்த நிமிடமே கம்பளியை மடித்து வைத்தார்.

பத்தாம் நாள் காலையில் நுனியில் ஜோடியாக இரண்டு தளிர்கள் விட்டிருந்தன. வட்ட வட்டமாக, திருநீறு பூசியதுபோல் வெளிர்நீலம். ஷ்ருதி தொடக்கூடப் பயந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மெல்ல முகர்ந்தாள். இந்தத் துளியூண்டு இலைக்குள் ஒரு மலையின் வாசனையே இருந்தது!

வெள்ளிக்கிழமை கார்மேகம் வந்தார். செடியைப் பார்த்தார். குனிந்து தளிரை முகர்ந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார்.

"செடி பொழச்சிருந்தா மட்டும் குடுக்கச் சொல்லிச்சு எம்பொண்ணு."

உறைக்குள் கடுகைப் போல விதைகள். மேலே கோணல்மாணலான எழுத்தில், 'ஷ்ருதி அக்காவுக்கு' என்று எழுதியிருந்தது.

ஷ்ருதி ஓடிப்போய் அடுத்த ஜன்னலின் தாளையும் கிழித்தாள்.