தோணிக்குள் ஒரு சோடிச் செருப்பு

1982. புதன், காலை 6.10. பாலமுனைக் கடலில் ஆளில்லாத தோணியொன்று மிதந்தது. புத்தம்புது டீசல் மிசின். உள்ளே மடித்த கொலர்ச் சேட்டு, அதன்மேல் தொப்பி, பக்கத்தில் நனையாத ஒரு சோடிச் செருப்பு. எல்லாம் ஜவுபருடையவை. கல்முனைப் புடவைக்கடையில் வேலை, வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை. தோணி, பெண்வீட்டார் கொடுத்த சீதனம். மாப்பிள்ளையை மட்டும் காணவில்லை.

காலை 9.00. தோணிக்கு மிசின் பூட்டிக் கொடுத்த மெக்கானிக் செல்லத்தம்பி கைதானார். "மிசினப் பழுதாக்கினா உன்னத் தூக்கிக் கடல்ல போடுவன்" என்று முதல்நாள் அவர் ஜவுபரிடம் கத்தியதற்கு ஊரே சாட்சி. மலைநாட்டுப் பதுளையிலிருந்து மாற்றலாகி வந்த பொலிஸ் சார்ஜனுக்கு அது போதும்.

வெள்ளி, காலை 8.20. ஜவுபருக்கு மூத்த ராத்தா, விஞ்ஞானம் படிப்பிக்கும் ஸுல்பிகா டீச்சர், பொலிசுக்கு வந்தார். வாசலில் செல்லத்தம்பியின் மனைவி தங்கரத்தினம் சோற்றுப் பார்சலுடன் நின்றாள். டீச்சர் நிலத்தைப் பார்த்தபடி உள்ளே போனார்.

"சார்ஜன், கடலுக்குப் போறவன் செருப்ப எங்க விடுவான்?"

"தோணியிலதானே கிடந்த."

"கரையில விடுவான். இடுப்பளவு தண்ணியில தள்ளித்தான் தோணி ஏறுற. இது நனையவே இல்ல. தோணி கரையில கிடக்கக்குள்ளயே உள்ளுக்கு வெச்சிட்டு, கயித்த அவிழ்த்து விட்டிரிக்கான்."

"ஆரு?"

"கொலகாரன் சேட்டு மடிப்பானா? கையப் பின்னுக்குப் போட்டு, கொலர நிமித்தி? அது புடவக்கட மடிப்பு. ஜவுபர்தான். அவனுக்குக் கடலக் கண்டாலே வாந்தி. மத்த ரெண்டு சேட்டும் வீட்டில இல்ல."

"தொப்பி?"

"அது நான் சொன்ன கத. டீசல் எண்டுறது ஆள்ட பேரு, சார்ஜன். அந்த மிசினக் கண்டுபிடிச்ச ஜெர்மன்காரன். 1913ல கப்பல்ல போகக்குள்ள காணாமப் போனான். மடிச்ச கோட்டும் தொப்பியும்தான் மிச்சம். விழுந்தானா, தள்ளினாங்களா எண்டு இன்னம் வழக்கு. சீதன மிசினப் பாத்துப் அவனுக்குப் பகிடிக்குச் சொன்னன். அவன் மாட்டன் எண்டும் கேக்காமக் கலியாணம் பேசி முடிச்சதும் நான்தான்."

"உங்களுக்கு எப்ப விளங்கின?"

"புதன் காலையே. தொப்பியக் கண்டவுடன."

"ரெண்டு நாளா ஏன் வாய் திறக்கல்ல?"

"அவன் கொழும்புக்குப் போய்ச் சேரட்டும் எண்டு."

காலை 8.50. பொலிஸ் கூட்டிலிருந்து வெளியே வந்த செல்லத்தம்பி தன் மனைவியைத் தேடவில்லை.

"டீச்சர், தம்பி உசிரோட இருக்கானா?"

"ஓம் அண்ணன்."

அவர் அப்படியே படியில் குந்திவிட்டார். "நான் பூட்டின மிசின் உதறித்தான் பொடியன் விழுந்திட்டான் எண்டு நினைச்சன். ரெண்டு நாளா எல்லா நட்டையும் மனசுக்குள்ள திரும்பத் திரும்ப இறுக்கினன்."

சார்ஜன் புதுத் தாள் எடுத்தார்.

"குற்றவாளியிட பேர்?"

"ஸுல்பிகா."

"தம்பிட பேரக் கேட்டன்."

"அத ரெண்டாவதா எழுதுங்க."