நண்டு ஆறுவதற்குள்

சூப் குடித்து முடித்த பிறகுதான் அடிக்க வேண்டும் என்பது ‘ஆழிமகள்’ கப்பலின் விதி. வெறும் வயிற்றோடு சண்டை போட்டால் சீக்கிரம் மயக்கம் வந்துவிடும், பார்ப்பவர்களுக்கும் சுவாரசியம் போய்விடும் என்று நிர்வாகம் சொல்லும். அதனால் அன்று களமேசையில் உட்கார்ந்திருந்த குடும்பம் காளான் சூப்பை அவசர அவசரமாகக் குடித்தது. கிண்ணம் காலியானதும், கண்ணாடி போட்ட அந்தப் பள்ளி ஆசிரியை தன் அண்ணனின் புறங்கையில் முள்கரண்டியை இறக்கினாள்.

சுற்றியிருந்த மேசைகள் கைதட்டின. அண்ணன் அலறிக்கொண்டே கிண்ணத்தை எடுத்து அவள் வாயில் உடைத்தான். ஒரு பல் தெறித்து, தரையில் உருண்டு, பக்கத்து மேசையில் இருந்த நறுமுகையின் செருப்பருகே வந்து நின்றது. பணிப்பெண் ஒருத்தி அதை இடுக்கியால் எடுத்துக் குப்பைப் பையில் போட்டுவிட்டு, “மன்னிக்கணும் மேடம், உங்களுக்கு மோர் கொண்டு வரட்டுமா?” என்றாள்.

“என்ன வீச்சு பாத்தியாலே,” என்றார் நறுமுகையின் அப்பா தில்லைநாயகம், அப்பளத்தை நொறுக்கியபடி. “டீச்சர்மாரு அடி எப்பவும் சுத்தமா இருக்கும்.”

“நம்ம மேசை வரட்டும்ப்பா. அப்போ பாருங்க,” என்றான் தம்பி இளவழுதி.

நறுமுகை மோர் வேண்டாம் என்றாள். குமட்டிக்கொண்டு வந்தது.

கரையில் யாரும் யாரையும் அடிக்க முடியாது. பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே மணிக்கட்டில் கைப்பூட்டு ஏறிவிடுகிறது. கோபத்தோடு கை ஓங்கினால், விரல்நுனியிலிருந்து தோள்வரை அந்தக் கை மரத்துத் தொங்கிவிடும். தெருச்சண்டை என்ற சொல்லை நறுமுகை பள்ளியில் பொருள் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். ஆனால் கோபம் எங்கும் போய்விடவில்லை. அது சேர்ந்துகொண்டே இருந்தது. ஆகவே ஆண்டுக்கொரு முறை, பிறந்த வீட்டு ஆட்கள் ஒன்றாகக் கப்பலேற வேண்டும். கணவன் மனைவிக்கு வேறு கப்பல்கள் உண்டு. துறைமுக எல்லை தாண்டியதும் பூட்டுகள் உறங்கிவிடும். பயணத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் களமேசையில் ஒரு வேளை. மற்ற வேளைகளில் நல்ல சாப்பாடு, பிறர் சண்டை, அப்புறம் ஸ்பா.

ஸ்பாவுக்குத்தான் எல்லோரும் ஏங்குவார்கள். எலுமிச்சைப் புல் ஆவி, கடல்சேற்றுக் குளியல், சூடான கற்கள். அவற்றுக்கெல்லாம் அப்பால், நீல விளக்கெரியும் நீண்ட அறையில் மீட்புத் தொட்டிகள். உடைந்தவர்களை அதில் இறக்கினால் மாலைக்குள் முழுதாக எழுந்து வருவார்கள். போன ஆண்டு நறுமுகை, வேகவைத்த வஞ்சிரம் இருந்த பீங்கான் தட்டாலேயே வழுதியின் தாடையை உடைத்தாள். தொட்டியிலிருந்து வந்தவன் தாடையைத் தடவிக்கொண்டே, “யக்கா, மீன் வாசனை இன்னும் போகல,” என்று சிரித்தான். இருவரும் ஆளுக்கொரு குல்பி தின்றார்கள். அவள் வாழ்க்கையின் மகிழ்ச்சியான மாலைகளில் அதுவும் ஒன்று.

அப்படியிருந்தவளுக்கு இந்த முறை தொட்டியைக் கண்டால் பயமாக இருந்தது. பயணத்தின் நடுவில் ஒரு காலை, வாந்தியெடுத்துவிட்டு அவள் கழிவறையில் உட்கார்ந்தபோது, சிறுநீரைச் சோதிக்கும் சுவர்க் கருவி மென்குரலில் அவளுக்கு வாழ்த்துச் சொன்னது. தாயாகப் போகிறாளாம். பத்து நிமிடம் அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள். பிறகு எழுந்து நேரே ஸ்பாவுக்குப் போனாள்.

தொட்டி காயத்தை ஆற்றுவதில்லை. உடற்பதிவில் இருந்தபடி உடலைத் திரும்பச் செய்கிறது. கரையில் டிக்கெட் எடுக்கும் நாளில் எடுக்கும் பதிவு அது. அதற்குப் பிறகு காது குத்தியவர்கள் தொட்டியிலிருந்து துளையில்லாமல் எழுவார்கள். ஒரு வியாபாரி புதிதாகக் கட்டிய தங்கப்பல் தொட்டியின் அடியில் கிடந்ததாம். நறுமுகையின் பதிவு சில மாதங்களுக்கு முன், சித்திரையில் எடுத்தது. வயிற்றில் இருப்பது அதைவிட இளையது.

“பதிவுல இல்லாததைத் தொட்டி என்ன செய்யும்?” என்று முதுகில் எண்ணெய் தேய்த்த பெண்ணிடம் கேட்டாள்.

“கழிச்சுடும் மேடம்.”

“இங்க புதுசா பதிவு எடுக்க முடியாதா?”

“கரையிலதான் மேடம். கழுத்துல கொஞ்சம் அழுத்தட்டுமா?”

அவள் மேசைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் வழுதிக்கு அவள் வந்தாக வேண்டும். அவன் சிறுபிள்ளைகளுக்குப் பூப்பந்து சொல்லிக்கொடுப்பவன். பொங்கல் சமயத்தில், பந்தைத் தவறவிட்ட ஒரு சிறுமியை நோக்கி மட்டையை ஓங்கினான். கை மரத்தது. அத்தோடு போயிருக்கும். பார்த்துக்கொண்டிருந்த நறுமுகை புகார் சொன்னாள். அவன் வலக்கையை மாதக்கணக்கில் பூட்டிவிட்டார்கள். பயணத்துக்காகத் திறந்தபோதும் அவன் பூட்டிலிருந்த தணிவு விளக்கு மஞ்சளாகவே எரிந்தது. அக்காமேல் உள்ள கோபம் அது. அது பச்சையாகாமல் கரையேறினால் இன்னோர் ஆண்டு கை கிடையாது.

அவர்கள் மேசைக்கு முந்தைய நாள் இருவரும் சேற்றுக் குளியலில் கழுத்துவரை புதைந்து கிடந்தார்கள்.

“வழுதி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“திட்டுறதா இருந்தா மேசையில திட்டு. சேத்தை வீணாக்காத.”

“நான் உண்டாயிருக்கேன்லே.”

அவன் திரும்பியதில் கன்னத்துச் சேறு வெடித்தது. “நெசமாவா? அத்தானுக்குத் தெரியுமா?”

“நேர்ல சொல்லணும்னு இருக்கேன்.” அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “நான் தொட்டியில இறங்கக் கூடாது. இறங்குனா பிள்ளை இருக்காது.”

வழுதி சேற்றிலிருந்து மணிக்கட்டை உயர்த்திக் காட்டினான். மஞ்சள்.

“இதை நான் என்னக்கா செய்ய? இட்லியை இடது கையால பிச்சுத் தின்னேன். அப்பா எனக்குச் சட்டை மாட்டிவிட்டாரு. பிள்ளைங்க பாதிப் பேரு வேற கோச்சுகிட்ட போயிட்டாங்க.”

“தெரியும். அதான் சொல்லுதேன். ஒரே ஒரு அறை. கன்னத்துல. உன் கோபம் தீர வலிக்கட்டும். ஆனா அதோட நிப்பாட்டணும். முடியுமா?”

“ஒரு அறைதான? இதுல என்ன இருக்கு?” அவன் சிரித்தான். “மாமன் ஆகப்போறேன், இதுகூடச் செய்யமாட்டனா?”

சேற்றுக் கையோடு கை குலுக்கிக்கொண்டார்கள். இருவரில் ஒருவரும் வாழ்க்கையில் ஒரே ஒரு அறையோடு நிறுத்தியதில்லை. கரையில் தொடங்க முடியாது. கப்பலில் நிறுத்தத் தேவையில்லை. தொடங்கிவிட்டு நிறுத்துவது என்ற ஒன்றை அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அது கற்க வேண்டிய ஒன்று என்பதும் அவர்களுக்குத் தெரியவில்லை.

கடைசி நாள் மதிய விருந்து அவர்களுடையது. சாயங்காலம் கப்பல் தூத்துக்குடி சேர்ந்துவிடும். நண்டு மசாலா, இறால் வறுவல், ஓடு உடைக்கும் இடுக்கிகள், மீன் அறுக்கும் மெல்லிய கத்தி எல்லாம் வெள்ளை விரிப்பில் ஒழுங்காக இருந்தன. செய்தி கேட்டதிலிருந்து தில்லைநாயகத்துக்கு வாயெல்லாம் பல்.

“எலே, பேரப்பிள்ளை உள்ள இருக்கு. பாத்து அடி,” என்றார் சூப்பை முடித்துவிட்டு. “சீக்கிரம். நண்டு ஆறுறதுக்குள்ள முடிச்சிருங்க.”

வழுதி எழுந்து வந்தான். நறுமுகை கண்ணை மூடிக் கன்னத்தைக் காட்டினாள்.

அறை விழுந்தது. அவள் காதுக்குள் ஒரு மணி ஓயாமல் அடித்தது. கண்ணைத் திறந்தபோது வழுதி தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் வெளுத்திருந்தது. மாறவில்லை.

“யக்கா, இன்னும் ஒண்ணு மட்டும்…”

அவள் சரி என்றுதான் சொல்ல நினைத்தாள். ஆனால் கன்னம் எரிந்தது. எரிந்ததும் கை தானாக ஓடியது. குழம்புக் கரண்டியைச் சுழற்றி அவன் மூக்கில் அடித்தபிறகுதான் அது தன் கை என்று அவளுக்கு உறைத்தது. எலும்பு நொறுங்கும் அதிர்வு கரண்டி வழியே முழங்கைவரை ஏறியது. அது இனித்தது. ஒவ்வோர் ஆண்டும் இனிப்பது போலவே இனித்தது. சுற்றிலும் கைதட்டல்.

“ஐயோ வழுதி, நான் வேணும்னு…”

அவன் காதில் விழவில்லை. ரத்தம் வழியும் முகத்தோடு மேசைமேல் பாய்ந்தான். கண்ணாடிக் குவளைகள் உடைந்தன. நாற்காலியோடு அவள் பின்னால் விழுந்தாள். விழுந்ததும் சுருண்டு, முழங்கால்களை மடக்கி, இடக்கையை வயிற்றின் குறுக்கே போட்டுக்கொண்டாள். முதுகில் உதை விழுந்தது. இடுப்பில் விழுந்தது. “நிறுத்துலே! பிள்ளை! பிள்ளை!” என்று அவள் கத்தியதைக் கூட்டத்தின் ஆரவாரம் விழுங்கியது. அவன் அவளைப் புரட்டிப் போட்டு மீன்கத்தியை ஓங்கினான். எங்கே குத்துகிறோம் என்று பார்த்துக் குத்தவில்லை. கத்தி அவள் முன்கையில் இறங்கி மறுபக்கம் வந்தது. நுனி சட்டையைத் தொட்டு நின்றது. அவன் அதை உருவினான்.

மெல்லிய மணியொலி கேட்டது. அவன் விளக்கு பச்சையானது.

“யக்கா! பச்சை!” வழுதி உடைந்த மூக்கோடு சிரித்தான். கை ஓங்கியவன் முகம் ஒரு நொடியில் தம்பி முகமாக மாறிவிட்டது. “முடிஞ்சிட்டு! எந்திரி, எந்திரி.” அவளைத் தூக்கிவிடக் கை நீட்டினான். அப்போதுதான் அவள் கையைப் பார்த்தான். கையைப் பார்த்த பிறகுதான் சேற்றுக் குளியல் அவன் நினைவுக்கு வந்தது. சிரிப்பு அப்படியே முகத்தில் நின்று, மெதுவாக உதிர்ந்தது.

பணிப்பெண்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள்.

“வேண்டாம்,” என்றாள் நறுமுகை.

“மேடம், ரொம்பப் போகுது.”

“வேண்டாம்னு சொன்னேன்.”

மூத்த பணிப்பெண் மண்டியிட்டுப் பணிவாகச் சொன்னாள்: “நினைவு இருக்கிறவரைக்கும் உங்க விருப்பம் மேடம். நினைவு தப்பிட்டா நாங்க கேக்க மாட்டோம். குடும்பத்தார் வேண்டாம்னு சொன்னாலும் தொட்டிதான். உயிர் போகவிடக் கூடாதுன்னு விதி.” பிறகு ஸ்ட்ரெச்சரைப் பக்கத்தில் விரித்துவைத்து, அவள் கண்களைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

கைதட்டல் நின்றுவிட்டது. அந்தக் கப்பலில் பஞ்சு இல்லை, கட்டுத்துணி இல்லை, மருத்துவரும் இல்லை. தொட்டி இருக்கும்போது அவையெல்லாம் எதற்கு? புதுப்பல் முளைத்த ஆசிரியை எட்டிப் பார்த்து, “இது ஏன் இன்னும் ஓடிட்டே இருக்கு?” என்று யாரையோ கேட்டாள். அவர்கள் யாரும் ஒரு காயத்தை இத்தனை நேரம் பார்த்ததில்லை.

“என்னக்கா செய்யணும்?” வழுதி அவளருகே விழுந்தான். “சொல்லு, என்ன செய்யணும்?”

“அமுக்கு.”

“எங்க?”

“ரத்தம் வர்ற இடத்துல. ரெண்டு பக்கமும். பலமா.”

“வலிக்குமே.”

அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. “வலிக்கட்டும். வலிச்சாத்தான் முழிச்சிருப்பேன்.”

தில்லைநாயகம் மேசைவிரிப்பைப் பல்லால் கிழித்துச் சுற்றினார். நண்டுச் சிவப்பும் ரத்தச் சிவப்பும் துணியில் பிரித்தறிய முடியாமல் கலந்தன. முடிச்சு அவிழ்ந்தது. மறுபடி போட்டார். “பாத்து அடின்னு சொன்னேன்லலே,” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று பிற்பகல் முழுவதும் வழுதி அந்தக் கையை விடவில்லை. அவள் இமைகள் சாயும்போதெல்லாம் பணிப்பெண்ணின் விரல்கள் ஸ்ட்ரெச்சரைப் பற்றின. “பேரு என்ன வைக்கப் போற? ஏய் யக்கா, பேரு!” என்று அவன் கத்துவான். அவள் ஏதாவது ஒரு பெயர் சொல்வாள். “நல்லால்ல. வேற.” அவள் வேறு சொல்வாள். பெயர்கள் தீர்ந்ததும் ஊரிலுள்ள தெருக்களைச் சொல்லச் சொன்னான். அவளுக்கு வாய் குழறியது. ஒரு சமயம் கடல் முழுக்க வெள்ளையாகி, சத்தமெல்லாம் தூரப் போயிற்று. அவள் உதட்டைக் கடித்துக் கிழித்துக்கொண்டு திரும்பி வந்தாள். “இருக்கேன்,” என்றாள் பணிப்பெண்ணிடம். “நான் இருக்கேன். தொடாத.”

துறைமுக விளக்கு தெரிந்தபோதும் அவள் விழித்திருந்தாள்.

கரை மருத்துவமனையில் ஊசியும் நூலும் வைத்துத் தைத்தார்கள். பிறகு வயிற்றில் ஒரு கருவியை வைத்தார்கள். முதலில் வெறும் இரைச்சல் கேட்டது. மருத்துவர் கருவியைக் கொஞ்சம் நகர்த்தினார். இரைச்சலுக்குள்ளிருந்து, ஓடிவரும் சின்னக் குதிரையின் குளம்படிபோல ஒரு துடிப்பு. நறுமுகை அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள். இனி தூங்கலாம்.

மறுநாள் அவள் கண் விழித்தபோது அப்பா நாற்காலியில் வாய் பிளந்து உறங்கிக்கொண்டிருந்தார். வழுதி வாசலில் நின்றிருந்தான். மூக்கு நேராகியிருந்தது, அவளைக் கரையேற்றிய பிறகு அவன் கப்பல் தொட்டியில் இறங்கிவிட்டுத்தான் வந்திருந்தான்.

“எப்பக்கா சரியாகும்?”

“ஆறிரும். தழும்பு இருக்கும்.”

“அது எப்பப் போகும்?”

“போகாது வழுதி.”

அவன் புரியாதவன்போல நின்றான். பிறகு அவள் தலையணை சரிந்திருப்பதைப் பார்த்தான். உள்ளே வந்து, அதைத் தூக்கிவைப்பதற்காகக் கையை உயர்த்தினான்.

நறுமுகை எதுவும் நினைக்கவில்லை. அவள் உடல் சுவரோரம் ஒடுங்கியது. தையல் போட்ட கை வலியோடு எழுந்து வயிற்றை மூடிக்கொண்டது.

“தலையணைக்குத்தான்க்கா,” என்றான் வழுதி.

“தெரியும்,” என்றாள் அவள். தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் கை இறங்கவில்லை.

எத்தனையோ ஆண்டுகள் அவர்கள் ஒருவரையொருவர் உடைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் தொட்டி எலும்பு முறிவோடு சேர்த்து இந்த அச்சத்தையும் அழித்து அனுப்பியிருக்கிறது. தன் கையைக் கண்டு ஓர் ஆள் நடுங்குவதை வழுதி அதுவரை பார்த்ததே இல்லை. உயர்த்திய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், தலையணையைத் தொடாமல், அவன் கட்டிலுக்கு ஓரடி தள்ளி நின்றுகொண்டிருந்தான்.